மடிப்புக்குக் கீழே

எங்கள் குளியல் துறையில் ஒரு சட்டம் உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது. குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறந்த மேனியாகத்தான் கடலில் இறங்குகிறோம். பிறந்த மேனியாகத்தான் ஏறி வந்து, சவ்னா என்கிற சூட்டறையின் மரப்பலகையில் வரிசையாக உட்கார்ந்து வேர்த்து வடிகிறோம். ஒருத்திக்கு ஒரு மார்பு இல்லை. ஒருவருக்கு முதுகு முழுக்கத் தையல். இன்னொருவருக்குத் தொப்பை மடியில் குழந்தை போல் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் எல்லோர் கண்ணிலும் படும், யார் வாயிலும் வராது. எங்கள் கடலோர ஊரான கெர்த்தெமின்னவில் காலம் காலமாக இப்படித்தான் நடக்கிறது.

எனக்கு அந்தச் சட்டத்தைக் கண்டாலே எரிச்சல். நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். முன்னால் சாலையையும் கண்ணாடியில் பின்னால் நடக்கும் கூத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துப் பழகிய கண். பார்த்ததை உடனே கத்திச் சொல்லிப் பழகிய வாய். போன வருடம் டாக்டர் எனக்கு எடை குறைக்கும் வாராந்திர ஊசி எழுதிக்கொடுத்தபோது, மருந்துக் கடையிலிருந்து வீடு வருவதற்குள் எதிரே வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "சோம்பேறி வழி" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "நெஞ்சடைச்சு சாகுறது இன்னும் சோம்பேறி வழி, படுத்துக்கிட்டே போயிடலாம்" என்றேன்.

ராக்னா எனக்கு நேர் எதிர். நானும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு. நூலகத்தில் வேலை செய்கிறாள், பேச்சும் நூலகத்தில் பேசுவது போலத்தான். கணவன் நார்வேக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒரே மகன் எஸ்கில்டைத் தனியாக வளர்த்தாள். அவன் துறைமுகத்தில் மரப்படகு பழுது பார்க்கும் தச்சன், நல்ல கைக்காரன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. அதிலிருந்து வாரம் மூன்று நாள் ஓடென்ஸ ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். முப்பத்து நாலு வயசு. மீதி நாட்களில் பாதி நேரம் படுத்துக் கிடப்பான்.

என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள் என்று ராக்னா முதல் நாளே சொல்லிவிட்டாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். "எனக்காக ஏற்கெனவே ஒரு வாழ்க்கையைக் குடுத்துட்டம்மா. மிச்சத்தையும் அறுத்துத் தராத" என்றானாம். ராக்னா அதற்கு மேல் பேசவில்லை. சரி, விட்டுவிட்டாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இலையுதிர்காலத்திலிருந்து அவள் இளைக்க ஆரம்பித்தாள். மகன் கவலை என்று ஊர் முடிவு கட்டியது. சவ்னாவில் அவள் வயிறு சுருங்குவதைப் பார்த்தோம், சட்டப்படி யாரும் எதுவும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, கடலிலிருந்து ஏறி வந்து எனக்கு எதிர்ப்பலகையில் உட்கார்ந்தாள். துண்டை எடுக்கக் கையை மேலே நீட்டினாள். அப்போது அவள் அடிவயிற்றில், முன்பெல்லாம் தொப்பை மடிந்து மூடியிருந்த இடத்தில், இடது பக்கமாக ஒரு கட்டி தெரிந்தது. சின்ன உருளைக்கிழங்கு அளவு. அதன் மேல் நீலமும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள். எனக்கு அந்தப் புள்ளிகளை நன்றாகத் தெரியும். என் வயிற்றிலும் தொடையிலும் இருப்பவைதான், ஆனால் எனக்கு அவை இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். இவளுக்கு எல்லாம் ஒரே இடத்தில் எறும்புப் புற்று மாதிரி குவிந்து கிடந்தன.

"ராக்னா, அது என்னடி கட்டி?" என்றேன்.

மேல் பலகையிலிருந்து தோவ இருமினாள். குளியல் துறையின் சாவி அவளிடம்தான் இருக்கும், சட்டமும் அவளிடம்தான்.

"குன்வோர்," என்று என்னை அதட்டினாள்.

"என்ன குன்வோர்? உனக்குக் கண்ணு தெரியலையா, எவ்வளவு பெருசா இருக்கு!"

ராக்னா துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். "கொசு கடிச்சது."

"ஜனவரி மாசத்துலயா? கொசுவுக்குக் கம்பளிச் சட்டை போட்டு வளக்குறியா? எனக்குத் தெரியாதாடி, அது ஊசி போட்ட இடம். நானும் வாரா வாரம் குத்திக்கிறவதானே. எல்லாத்தையும் ஒரே இடத்துலயா குத்துவாங்க?"

சவ்னாவில் ஆறேழு பேர் இருந்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் சின்ன ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ராக்னாவின் முகம் சூட்டில் சிவந்திருந்ததா அவமானத்தில் சிவந்திருந்ததா என்று சொல்ல முடியாது. எழுந்தாள். தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல், உடம்பில் உப்போடும் வேர்வையோடும் உடுப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"நீ செருப்போட சேத்து உன் வாயையும் வெளியில கழட்டி வச்சுட்டு வரணும்," என்றாள் தோவ.

நான் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து ராக்னா என் வீட்டு வாசலில் நின்றாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தியதை நான் பார்த்ததே இல்லை, அன்றைக்கும் கத்தவில்லை. அடுக்களைக்கு வந்து உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. என் கணவன் பிரெபன் அவள் முகத்தைப் பார்த்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நல்ல மனிதன், எப்போது ஓட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

"தொண்ணூறு கிலோவுக்குக் கீழ வரணும்," என்றாள் ராக்னா. "அப்பத்தான் என்கிட்டேர்ந்து கிட்னி எடுக்கலாமா வேணாமான்னே பாப்பாங்களாம். குண்டா இருந்தா ஆபரேஷன் எனக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரத்தமெல்லாம் பொருந்துது. எடை ஒண்ணுதான் குறுக்க நிக்குது."

"எஸ்கில்டுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை விடுவானா?"

"தெரியாம எப்படிடி குடுப்ப? பார்சல் கட்டி வாசல்ல வச்சுட்டு வருவியா?"

"முதல்ல என் உடம்பு சரின்னு அவங்க சொல்லட்டும் குன்வோர். அதைக் கையில வச்சுக்கிட்டு அவன்கிட்டப் போறேன். ஆகுமா ஆகாதான்னே தெரியாத உடம்பை வச்சுக்கிட்டு என்னன்னு போய் அவன்கிட்ட மறுபடி கேக்குறது? ஒரு தடவை வேணாம்னு சொல்லிட்டான். இன்னொரு தடவைதான் கேக்க முடியும். மூணாவது தடவை கேட்டா கதவைச் சாத்திடுவான்."

இதை எல்லாம் சொன்னபோது அவள் குரல் நூலகத்தில் தவணை தாண்டிய புத்தகத்தைப் பற்றிச் சொல்லும் குரலாகத்தான் இருந்தது.

ஆரம்பத்தில் மளமளவென்று குறைந்ததாம். அப்புறம் தொண்ணூற்று மூன்றில் வந்து நின்றதுதான், வாரக்கணக்காக அசையவே இல்லை. மருந்தளவைக் கூட்டியும் பயனில்லை. ஈஸ்டருக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எடை பார்க்க நாள் குறித்திருந்தார்கள்.

"சட்டையைத் தூக்கு," என்றேன்.

கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மெழுகு உருண்டை மாதிரி கெட்டியாக இருந்தது. அழுத்தினேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வலிக்கலையா?"

"அங்க உணர்ச்சியே இல்ல. குத்துனாலும் தெரியாது. அதனாலதான் அந்த இடம் எனக்கு வசதியாப் போச்சு."

"வசதியா! தோலுக்குள்ள கல்லு வளந்து கிடக்குது, அதுக்குள்ள மருந்தை ஊத்தினா எங்க போகும்? கல்லுதான் இளைக்கும்!" கையில் கரண்டி இருந்தது, அதை மேசையில் போட்டேன். "ஏண்டி, இவ்வளவு பெரிய உடம்புல உனக்கு வேற இடமே கிடைக்கலையா? தொடை இல்லையா? வலது பக்கம் இல்லையா? படிச்சவதானே, பெட்டிக்குள்ள படம் போட்டுக் காட்டியிருக்கானே!"

அவள் சட்டையை இறக்கிவிட்டாள். பிறகு, "அங்க போட்டா தெரியாது," என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தொடையில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை சவ்னாவில் தெரியும். கையில் போட்டால் தெரியும். வயிற்றில் மேலே போட்டாலும் தெரியும். எங்களில் ஏழெட்டுப் பேருடைய பிள்ளைகள் எஸ்கில்டோடு துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மணமாக நிற்கிற ஒருத்தி உடம்பில் எதையும் ஒளித்து வைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. தொப்பையின் மடிப்புக்குக் கீழே. அதைத் தேடிக் கண்டுபிடித்து, வாரா வாரம் அங்கேயே குத்தியிருக்கிறாள். இளைத்ததும் மடிப்பு மேலே ஏறிவிட்டது. ஊசி வேலை செய்ததால்தான் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப கொஞ்ச நாள் சவ்னாவுக்கு வராத. எடை குறையட்டும், அப்புறம் வா."

"அது முடியாது," என்றாள். "அந்தத் தண்ணிக்குள்ள இறங்குற நேரம் மட்டும்தான் நான் அவனைப் பத்தி நினைக்காம இருக்கேன். அதையும் விடச் சொல்லாத."

அடுத்த நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மருத்துவ நிலையத்துக்குப் போன் போட்டோம். கட்டி கரையும்வரை, அது எத்தனை மாதமானாலும், அந்த இடத்தைத் தொடவே கூடாது என்றாள் நர்ஸ். அங்கே போட்ட மருந்து சரியாக உடம்பில் பரவாமல் இருந்திருக்கலாம் என்றும் சொன்னாள். வயிறு, தொடை, மேல் கை, மூன்றிலும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். தொப்புளைச் சுற்றி விரல் நீளத்துக்கு இடம் விட வேண்டும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு தடவை கூடாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் தொடையில் ஆரம்பித்து வயிற்றுக்கு வந்து கையில் முடிப்பேன். கையின் பின்பக்கம் தனக்குத்தானே போட்டுக்கொள்வது கஷ்டம், பிரெபன்தான் போடுவான். அவன் கை நடுங்குகிற நடுக்கத்தில் நான் மூன்று தடவை கடவுளைக் கூப்பிடுவேன், எங்களுக்கு அவர்மேல் அவ்வளவு பக்தி இல்லாவிட்டாலும்.

அந்த வாரம் ராக்னா தன் இடது தொடையில் குத்திக்கொண்டாள். என் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து, பாவாடையைத் தூக்கி, எந்த இடம் என்று விரலால் தடவித் தடவித் தேடினாள். ஊசி உள்ளே போனபோது "ஸ்ஸ்" என்றாள். தொடை வெள்ளையாக இருந்தது. இரண்டே நாளில் அங்கே பிளம்பழ நிறத்தில் ஒரு வட்டம் கன்றிப்போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அதை மறைக்க முடியாது.

ஞாயிறு அவள் வருவாளா என்று எனக்குச் சந்தேகம். வந்தாள். எல்லோருக்கும் முன்னால் உடுப்பைக் களைந்தாள், ஏணியில் இறங்கினாள், கழுத்துவரை முங்கினாள், ஏறி வந்தாள். சவ்னாவுக்குள் நுழைந்து, தொடை எல்லோர் கண்ணுக்கும் நேராக இருக்கும்படி நடுப்பலகையில் உட்கார்ந்தாள். துண்டை மடியில் போடவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோவ சூட்டுக் கல்லின் மேல் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றினாள். ஆவி குப்பென்று கிளம்பி எல்லோரையும் மூடியது.

"இன்னைக்குத் தண்ணி ரெண்டு டிகிரி," என்றாள் தோவ.

"போன வாரத்தைவிடப் பரவாயில்ல," என்றாள் இன்னொருத்தி.

அவ்வளவுதான் பேச்சு. நான் கடையில், தபால் நிலையத்தில், நாயோடு நடக்கிற பாதையில் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். யாராவது "ராக்னாவுக்கு என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்பார்களா என்று காத்திருந்தேன். ஒருத்தர் கேட்கவில்லை. எஸ்கில்டின் காதுக்கு ஒரு துணுக்குக்கூடப் போகவில்லை. சவ்னாவில் இருந்தவர்களில் ஒருத்தியின் மகன் அவனோடு ஒரே படகில் வேலை செய்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் இத்தனை வருடம் வாய்க்கு வந்தபடி திட்டிய சட்டம் அது. அன்றைக்கு அதன்மேல் எனக்கு மரியாதை வந்தது. என்னைத் தவிர எல்லோரும் அதற்குத் தகுதியானவர்கள் என்று தோன்றியது.

அடுத்த வாரம் வயிற்றின் வலப்பக்கம். அதற்கடுத்து வலது தொடை. பிறகு கை, அதை நான் போட்டேன். எடை முள் அசைந்தது. ராக்னாவுக்குக் குமட்டல் வந்தது. கறுப்பு ரொட்டியில் பாதித்துண்டைத் தின்றுவிட்டு மீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. மார்ச் முடிவதற்குள் எண்பத்தொன்பது. ஆஸ்பத்திரிக்காரர்கள் நாளை முன்னுக்குத் தள்ளி வரச் சொன்னார்கள். இதயம், நுரையீரல், எல்லாம் பார்த்தார்கள். கொடுக்கலாம் என்றார்கள். இனி இருவரும் சேர்ந்து வந்து பேச வேண்டும் என்றார்கள்.

அன்று சாயந்திரமே மகனை வரச் சொல்லி, பன்றி வறுவலும் உருளைக்கிழங்கும் செய்து போட்டு, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன் கத்தியை வைத்துவிட்டு எழுந்தானாம்.

"எனக்குத் தெரியாம இவ்வளவு தூரம் பண்ணியிருக்க. நான் வேணாம்னு சொன்னதுக்கு உங்கிட்ட மதிப்பே இல்ல, அப்படித்தானே?" என்றானாம். "உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா உன் கிட்னியோட நான் எப்படிம்மா உயிரோட இருக்குறது? அதை யோசிச்சியா?"

கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன் செய்தால் எடுக்கவில்லை. ராக்னா அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. அந்த வாரம் ஊசி போட்டுக்கொள்ள வரவில்லை. நான் போய்க் கேட்டேன். மருந்து நிரப்பிய ஊசிப் பேனா குளிர்பெட்டியில் கடுகுச் சாந்துக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

"இனி எதுக்கு?" என்றாள். "இளைச்சு அழகிப் போட்டிக்கா போகப்போறேன்?"

கடலுக்கும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று சொன்ன ஒரே இடத்தையும் விட்டுவிட்டாள்.

மறுநாள் நான் படகுத்துறைக்குப் போனேன். எஸ்கில்ட் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் அடிப்பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். மெலிந்துபோயிருந்தான். முகம் பழைய காகிதம் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும், "அம்மா அனுப்புனாங்களா?" என்றான்.

"உங்கம்மா என்னை அனுப்புவாளா? நான் இங்க வந்தேன்னு தெரிஞ்சாலே தோலை உரிச்சிடுவா."

"நான் முடிவு சொல்லிட்டேன் குன்வோர். நீங்க வேற ஆரம்பிக்காதீங்க."

"உன் முடிவை நீயே வச்சுக்க, எனக்கு வேணாம். நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன். கேட்டுட்டு இழைச்சுக்கிட்டே இரு." கட்டியைப் பற்றிச் சொன்னேன். எங்கே இருந்தது, எவ்வளவு பெரிசு, எப்படி உணர்ச்சி செத்துக் கிடந்தது, எல்லாம் சொன்னேன். அவன் இழைப்புளியை நிறுத்தினான்.

"எவ்வளவு நாளா?"

"இலையுதிர்காலத்துலேர்ந்து கிறிஸ்துமஸ் தாண்டி."

"ஒரே இடத்துலயா?"

"ஒரே இடத்துல. ரெண்டு விரல் அகலத்துக்குள்ள."

"அம்மாவுக்கு அறிவிருக்கா!" என்று கத்தினான். நான் எதிர்பார்த்தது வேறு, வந்தது இது. சட்டைக் கையை மேலே சுருட்டினான். இடது முன்கையில், ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு இணைக்கிற ரத்தக்குழாய் தாம்புக்கயிறு போலப் புடைத்திருந்தது. அதன்மேல் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஊசித்தடங்கள் படிப்படியாக ஏறி, மறுபடி கீழிருந்து தொடங்கியிருந்தன. "பாத்தீங்களா? ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேல. ஒரே ஓட்டையில குத்திக்கிட்டா வலி கம்மி, எனக்குந்தான் ஆசையா இருக்கும். ஆனா ஒரே இடத்துல குத்துனா குழாய்ச் சுவரு இத்துப்போய் உடைஞ்சிரும். நான் தினமும் இதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்கமாட்டேனா? எதுக்கு அங்க போய்க் குத்துனாங்க?"

"உனக்குத் தெரியக்கூடாதுன்னு."

"என்ன?"

"சவ்னாவுல நாங்க எல்லாரும் பாப்போம். பாத்தா உன் காதுக்கு வந்துடும்னு பயம். அம்மணமா நிக்குறப்பக்கூட உங்கிட்டேர்ந்து மறைக்க ஒரு இடம் தேடியிருக்காடா அவ. நீ ஒரு தடவை வேணாம்னு சொன்னதுக்கு அவ குடுத்த மதிப்பு அது."

இழைப்புளியை எடுத்தான், பலகையில் வைத்தான், தள்ளவில்லை. அவனை அழ வைத்துவிட்டேனோ என்று பயந்து நான் நடையைக் கட்டினேன். நாக்குக்கு நரம்பில்லை என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிறும் ராக்னா கடலுக்கு வரவில்லை. தோவ, "அவளுக்கு இதைக் கொண்டுபோய்க் குடு" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். பாதாம் தூவிய வளைய ரொட்டி. ஈரத்தலையோடு ராக்னாவின் வீட்டுக்குப் போனேன். காபி போட்டாள். இருவரும் ரொட்டியை வெட்டாமல் உட்கார்ந்திருந்தோம்.

எஸ்கில்ட் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். எனக்குத் தலையசைத்தான். தாயைப் பார்க்காமல் நேரே போய்க் கையைக் கழுவினான், முழங்கைவரை, ஆஸ்பத்திரியில் கழுவுவதைப் போல. குளிர்பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். புது ஊசியை எடுத்துத் திருகினான்.

"போன வாரம் எங்க போட்டம்மா?"

ராக்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போடல."

"அதுக்கு முந்தின வாரம்?"

"வலது தொடையில."

"அப்ப இன்னைக்குக் கை. திரும்பு."

"எதுக்குடா இப்ப?" அவள் குரல் உடைந்தது. அத்தனை வருடத்தில் அன்றுதான் கேட்டேன். "அதான் வேணாம்னு போயிட்டியே. இனி நான் இளைச்சா என்ன, பெருத்தா என்ன?"

"தொண்ணூறைத் தாண்டுனா ஆஸ்பத்திரில நம்மளைத் திருப்பி அனுப்பிடுவாங்க," என்றான் எஸ்கில்ட். "புதன்கிழமை பேச வர்றோம்னு நான் போன் பண்ணிட்டேன். திரும்பும்மா."

ராக்னா எழுந்தாள். கம்பளிச் சட்டையை ஒரு தோளிலிருந்து இறக்கினாள். அவன் அவள் கையின் பின்பக்கச் சதையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தான், அவசரப்படாமல், நல்ல பலகை தேடுகிறவன் மாதிரி. நான் போட்ட பழைய தடத்தைக் கண்டுபிடித்து அதிலிருந்து தள்ளி ஓர் இடத்தில் விரலை வைத்தான். ஊசியை அழுத்தினான். பேனா "டிக்" என்றது. அவன் உதட்டுக்குள் ஆறுவரை எண்ணினான். கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது, அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இடது கை," என்றான், ஊசியைக் கழற்றிக்கொண்டே. "நான் வருவேன். தனியா விட்டா நீ ஒரே இடத்துலயே குத்திக்கிட்டுக் கிடப்ப."

ராக்னா சட்டையை ஏற்றிக்கொள்ளவில்லை. ஒற்றைத் தோள் வெளியே தெரிய அப்படியே நின்றாள்.

"பயமா இருக்காடா?" என்றாள்.

"ரொம்ப," என்றான். "உன்னை நெனச்சுத்தான்."

"எனக்கும்," என்றாள் ராக்னா. "உன்னை நெனச்சு." சொல்லிவிட்டு அவன் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அவன் அவளைப் பிடித்துக்கொண்டான், ஊசி போட்ட கையைத் தொடாமல்.